பறவைகளின் இனப்பெருக்க உத்திகள்: தகுதிக் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் இளம் பறவை தானே கூடு வைக்கலாம். அப்பா அம்மாவின் கூட்டுக்கு இரை கொண்டுவந்து கொடுக்கலாம். எதுவும் செய்யாமல் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கலாம். இவற்றில் எது அதற்கு லாபம் என்பதை எண்ணில் சொல்ல முடியுமா? முடியும், ஓரளவுக்கு. விலங்கியல் மாணவர்களும் பறவை பார்க்கிறவர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

பரிணாமத் தகுதி என்றால் உண்மையில் எதை எண்ணுகிறோம்?

ஒரு குறிப்பிட்ட உத்தியைக் கடைப்பிடிக்கும் பறவையின் மரபணுக்கள் அடுத்த தலைமுறையில் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்பதைத்தான் எண்ணுகிறோம். உடல் பலமோ, எத்தனை ஆண்டு வாழ்ந்தது என்பதோ நேரடியாகக் கணக்கில் வராது. அவை குஞ்சுகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலோ குறைத்தாலோ மட்டும் உள்ளே வரும்.

இது எப்போதும் ஓர் ஒப்பீடு. "இந்தப் பறவையின் தகுதி 0.99" என்று தனியாகச் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. அதே பறவை, அதே ஆண்டில், அதே ஏரியில் வேறு எதைச் செய்திருக்க முடியும், அதற்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்ற எண்ணைப் பக்கத்தில் வைத்தால்தான் 0.99 எதையாவது சொல்லும். இந்தத் துறையில் நடக்கும் பெரும்பாலான குழப்பங்கள் அந்த இரண்டாவது எண்ணை யாரும் தேடாததால் வருபவை.

கூட்டில் இருக்கும் குஞ்சுகளை எண்ணினால் போதாதா?

போதாது. கூட்டைவிட்டுப் பறந்த குஞ்சுகளில் பெரும்பகுதி முதல் ஆண்டிலேயே செத்துப்போகும். அதனால் குஞ்சுகளுக்குக் காலில் வளையம் போட்டு, அவற்றில் எத்தனை அடுத்த ஆண்டு இனப்பெருக்கம் செய்யத் திரும்பி வருகின்றன என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்திலுள்ள வைத்தம் காட்டில் பெரிய பட்டாணிக்குருவிகளை 1947 முதல் இப்படித்தான் பின்தொடர்கிறார்கள். முட்டை, பொரித்த குஞ்சு, பறந்த குஞ்சு, திரும்பி வந்த குஞ்சு என்று நான்கு எண்கள் கிடைக்கும். கடைசி எண்தான் தகுதிக்கு மிக நெருக்கமானது. அது கிடைக்காத இடங்களில் பறந்த குஞ்சை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். அப்படிச் செய்யும்போது அதைச் சொல்லிவிடுவது நல்லது.

நிறைய முட்டையிடும் பறவைக்குத்தானே தகுதி அதிகம்?

இந்தக் கேள்வியை 1940களில் பறவையியலாளர் டேவிட் லாக் ஒழுங்காகக் கேட்டார். பெற்றோரால் ஊட்டி வளர்க்க முடிகிற அளவு எதுவோ, அந்த அளவுக்கு முட்டையிடும் பறவையே அதிகக் குஞ்சுகளை விட்டுச்செல்லும் என்பது அவர் வாதம். முட்டை கூடினால் ஒவ்வொரு குஞ்சுக்கும் கிடைக்கும் இரை குறையும். ஓர் அளவுக்கு மேல் மொத்தமே குறைந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகக் கோபுரத்தில் கூடு வைக்கும் உழவாரக் குருவிகள் வழக்கமாக இரண்டு அல்லது மூன்று முட்டையிடும். கிறிஸ்டோபர் பெரின்ஸ் சில கூடுகளில் குஞ்சுகளைச் சேர்த்து நான்காக்கிப் பார்த்தார். அந்தக் கூடுகளிலிருந்து பிழைத்துப் பறந்தவை மூன்று குஞ்சுக் கூடுகளைவிடக் குறைவு. லாக் சொன்னது இங்கே அப்படியே பொருந்தியது.

ஆனால் பட்டாணிக்குருவி இதற்கு அடங்கவில்லை. 1960 முதல் 1982 வரையான வைத்தம் கணக்குகளை மார்க் பாய்ஸும் பெரின்ஸும் அலசி 1987இல் வெளியிட்டார்கள். ஓர் ஈட்டில், அதாவது ஒரு முறை இடும் முட்டைத் தொகுதியில், சராசரியாக எட்டு, ஒன்பது முட்டைதான் இருந்தது. அதிகக் குஞ்சுகளைப் பிழைக்கவைத்ததோ 12 முட்டை ஈடு. அப்படியானால் குருவி ஏன் மூன்று நான்கு முட்டையைக் கையிருப்பில் வைத்துக்கொள்கிறது?

இதற்கு மூன்று பதில்கள் உண்டு. மூன்றும் ஓரளவு உண்மை.

ஒன்று, இந்த ஆண்டு அதிகம் உழைத்தால் அடுத்த ஆண்டு உயிரோடு இருப்பது சந்தேகம். நெதர்லாந்தில் செர்கே டான் குழுவினர் சிற்றெழால் கூடுகளில் இரண்டு குஞ்சுகளைக் கூடுதலாக வைத்தார்கள். பின்னாளில் இறந்ததாகத் தகவல் வந்த பெற்றோர்ப் பறவைகளைப் பிரித்துப் பார்த்தபோது, கூடுதல் குஞ்சு வளர்த்தவற்றில் 60 விழுக்காடு முதல் குளிர்காலம் முடியும் முன்பே இறந்திருந்தன. குஞ்சு எண்ணிக்கையை மாற்றாத, குறைத்த கூடுகளின் பெற்றோரில் அது 29 விழுக்காடு. ஸ்வீடனின் காட்லாந்து தீவில் ஈப்பிடிப்பான்களை வைத்துச் செய்த சோதனை இன்னொரு செலவைக் காட்டியது: நெரிசலான கூட்டில் வளர்ந்த மகள்கள், பின்னால் தாங்களே குறைவாக முட்டையிட்டார்கள். கடன் அடுத்த தலைமுறைமேல் ஏறியது.

இரண்டு, எல்லாக் குருவிக்கும் ஒரே அளவு சரிவராது. நல்ல இடமும் நல்ல உடம்பும் உள்ளது 11 முட்டையிடும். மற்றது 7 இடும். குஞ்சுகளை இடம்மாற்றிய சோதனைகளில், தானாக இட்ட எண்ணிக்கையே அந்தந்தக் குருவிக்குச் சிறந்ததாக இருந்தது. கூட்டினாலும் நட்டம், குறைத்தாலும் நட்டம். 12 முட்டைக் கூடுகள் நன்றாகச் செய்ததற்கு முட்டை மட்டும் காரணமில்லை, அந்தத் தாயும்தான் காரணம்.

மூன்றாவது காரணம் கெட்ட ஆண்டுகள். அதற்குத் தனிக் கேள்வி வேண்டும்.

கூட்டுச் சராசரி எடுக்கக் கூடாது, பெருக்குச் சராசரி எடு என்கிறார்களே, ஏன்?

எண்களைக் கூட்டி, எத்தனை எண்களோ அதால் வகுப்பது கூட்டுச் சராசரி. அவற்றைப் பெருக்கி மூலம் எடுப்பது பெருக்குச் சராசரி. தலைமுறைகள் ஒன்றன்மேல் ஒன்று பெருகுகின்றன, கூடுவதில்லை. ஒரு கற்பனை எடுத்துக்காட்டு பார்ப்போம். நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் மாறி மாறி வருகின்றன என்று வையுங்கள். துணிச்சலான உத்தி நல்ல ஆண்டில் 4 மடங்காகப் பெருகுகிறது, கெட்ட ஆண்டில் கால் பங்காகச் சுருங்குகிறது. நிதானமான உத்தி நல்ல ஆண்டில் 2 மடங்கு. கெட்ட ஆண்டில் அப்படியே நிற்கிறது.

கூட்டுச் சராசரி பார்த்தால் துணிச்சலுக்கு 2.125, நிதானத்துக்கு 1.5. துணிச்சல் ஜெயித்ததுபோல் இருக்கும். இப்போது 100 பறவைகளில் தொடங்கிப் பத்து ஆண்டு ஓட்டிப் பாருங்கள். 4ஐயும் 0.25ஐயும் பெருக்கினால் 1. எனவே துணிச்சல் கூட்டம் பத்தாவது ஆண்டிலும் 100தான். நிதானக் கூட்டம் ஐந்து முறை இரட்டித்து 3,200 ஆகிவிடும்.

பாய்ஸும் பெரின்ஸும் காட்டியது இதைத்தான். பெரிய ஈடுகளைக் கெட்ட ஆண்டுகள் அதிகமாக அடித்தன. பெருக்குச் சராசரி எடுத்தபோது சிறந்த ஈட்டின் அளவு கீழே இறங்கி, குருவிகள் உண்மையில் இடும் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வந்தது.

தானே முட்டையிடாத பறவைக்கும் தகுதி உண்டா?

உண்டு. 1964இல் பரிணாம உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் இதற்கு வழி சொன்னார். என் மரபணுவின் ஒரு பிரதி என் பிள்ளை வழியாகப் போனாலும் தம்பி வழியாகப் போனாலும் அது பிரதிதான். எனவே சொந்தக் குஞ்சுகளால் வரும் நேரடித் தகுதியோடு, என் உதவியால் *கூடுதலாகப்* பிழைத்த உறவுக் குஞ்சுகளை உறவுக் கெழுவால் பெருக்கிச் சேர்க்க வேண்டும். பின்னது மறைமுகத் தகுதி. இரண்டும் சேர்ந்தது ஒட்டுமொத்தத் தகுதி.

உறவுக் கெழு என்பது இருவரும் ஒரே மூதாதையிடமிருந்து பெற்ற மரபணுக்களின் பங்கு. பெற்ற குஞ்சுக்கு 0.5, உடன்பிறப்புக்கு 0.5, ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான உடன்பிறப்புக்கு 0.25, பேரக்குஞ்சுக்கு 0.25, அந்நியனுக்கு 0.

ஒரு முழுக் கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா?

இதற்கு மிகப் பொருத்தமான பறவை கருப்பு வெள்ளை மீன்கொத்தி. நம்மூர் ஏரிகளிலும் ஆறுகளிலும் அந்தரத்தில் சிறகடித்து நின்று சட்டென்று செங்குத்தாகப் பாயுமே, அதே இனம்தான். ஆனால் கணக்கு கென்யாவில் போடப்பட்டது. ஹான்ஸ் உல்ரிக் ரையர் விக்டோரியா ஏரியிலும் நைவாஷா ஏரியிலும் இந்த மீன்கொத்திகளைப் பின்தொடர்ந்து 1984இல் முடிவுகளை வெளியிட்டார்.

இந்தக் கூட்டங்களில் ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு. ஓராண்டு வயதான ஆண்கள் பலருக்குத் துணை கிடைக்காது. அப்படிக் கிடைக்காதவர்கள் மூன்று வழிகளில் போகிறார்கள்.

முதல்நிலை உதவியாளர் தன் பெற்றோரின் கூட்டுக்கே மீன் கொண்டுவருகிறார். பெற்றோர் அளவுக்கு உழைக்கிறார், எதிரிகளையும் விரட்டுகிறார். இரண்டாம்நிலை உதவியாளர் உறவே இல்லாத ஒரு ஜோடியிடம் போய் ஒட்டிக்கொள்கிறார். குஞ்சு பொரித்த பிறகுதான் சேர்த்துக்கொள்வார்கள், உழைப்பும் குறைவு. மூன்றாமவர் காத்திருப்பவர். யாருக்கும் எதுவும் செய்வதில்லை.

இரண்டு ஆண்டுக் கணக்கு இது:

முதல் ஆண்டு = உதவியால் கூடுதலாகப் பிழைத்த குஞ்சுகள் × அவற்றோடு உள்ள உறவுக் கெழு.

இரண்டாம் ஆண்டு = சொந்தக் குஞ்சுகள் × 0.5 × உயிரோடு திரும்பும் வாய்ப்பு × துணை கிடைக்கும் வாய்ப்பு.

முதல்நிலை உதவியாளர்: முதல் ஆண்டு 1.8 × 0.32 = 0.58. இரண்டாம் ஆண்டு 2.5 × 0.5 × 0.54 × 0.60 = 0.41. மொத்தம் 0.99.

இரண்டாம்நிலை உதவியாளர்: முதல் ஆண்டு 1.3 × 0 = 0. இரண்டாம் ஆண்டு 2.5 × 0.5 × 0.74 × 0.91 = 0.84. மொத்தம் 0.84.

காத்திருப்பவர்: முதல் ஆண்டு 0. இரண்டாம் ஆண்டு 2.5 × 0.5 × 0.70 × 0.33 = 0.29. மொத்தம் 0.29.

பாடப்புத்தகங்களில் இந்த அட்டவணையை அச்சிட்டுவிட்டு "முதல்நிலையே சிறந்தது" என்ற ஒரு வரியோடு நகர்ந்துவிடுகிறார்கள். அது அநியாயம். ஒவ்வொரு எண்ணிலும் ஒரு கதை இருக்கிறது.

உயிர் பிழைக்கும் வாய்ப்பைப் பாருங்கள். பெற்றோருக்காக மாடாய் உழைத்தவருக்கு 0.54. அந்நியர் கூட்டில் அளவாக உழைத்தவருக்கு 0.74. சும்மா இருந்தவருக்கு 0.70. ஆக, கொஞ்சம் உழைப்பதால் உயிருக்கு ஆபத்தில்லை. முழு உழைப்புக்குத்தான் விலை. அடுத்தது துணை கிடைக்கும் வாய்ப்பு. இரண்டாம்நிலை உதவியாளருக்கு 0.91 என்பது மற்ற இருவரையும்விட வெகு தூரம் மேலே. காரணம் எளிது: இவர்கள் பலர் அடுத்த ஆண்டு, தாங்கள் உதவிய அதே பெண்ணோடு ஜோடி சேர்கிறார்கள். அந்நியக் குஞ்சுக்கு மீன் ஊட்டியது தருமம் இல்லை, அந்த வீட்டில் ஓர் இடம் பிடிக்கக் கட்டிய முன்பணம்.

உடன்பிறப்புக்கு 0.5 என்றீர்கள். அட்டவணையில் 0.32 என்று இருக்கிறதே?

உதவியாளர் வளர்ப்பது எப்போதும் முழு உடன்பிறப்புகளை அல்ல. போன ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் இடையில் அப்பாவோ அம்மாவோ இறந்து, புதுத் துணை வந்திருக்கலாம். அப்போது குஞ்சுகள் பாதி உறவுதான். எல்லாக் கூடுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 0.32க்கு வந்து நிற்கிறது. கணக்கில் 0.5 என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தால் முதல்நிலையின் மொத்தம் 1.31 ஆகியிருக்கும், உதவுவது உள்ளதைவிட மிகப் பெரிய லாபமாகத் தெரிந்திருக்கும்.

எந்த இடத்தில் முடிவு தலைகீழாக மாறும்?

நல்ல கேள்வி. நேரடித் தகுதி மட்டும் பார்த்தால் இரண்டாம்நிலை 0.84, முதல்நிலை 0.41. அந்த 0.43 பள்ளத்தை உடன்பிறப்புகள் நிரப்ப வேண்டும். கூடுதல் குஞ்சு 1.8 என்பதால், 0.43ஐ 1.8ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 0.24. உறவுக் கெழு 0.24க்குக் கீழே போனால் அந்நியர் வீட்டுக்குப் போவதே மேல்.

இப்போது ஒன்று கவனியுங்கள். பாதி உடன்பிறப்பின் கெழு 0.25. அதாவது பெற்றோரில் ஒருவர் மாறிவிட்ட கூட்டில், உதவுவதும் வெளியேறுவதும் ஏறக்குறைய சமம். இருவருமே போய்விட்டால் வெளியேறுவதுதான் வழி. இந்த வெட்டுப்புள்ளியைக் கண்டுபிடிப்பது மொத்தத் தகுதியைக் கணக்கிடுவதைவிடப் பயனுள்ள வேலை என்பது என் கருத்து. எந்த எண்ணைத் துல்லியமாக அளக்க வேண்டும் என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

முதல்நிலை லாபம் என்றால் இரண்டாம்நிலை உதவியாளர்கள் ஏன் இருக்கிறார்கள்?

பெற்றோர் உயிரோடு இருந்து, கூடும் வைத்திருந்தால்தான் முதல்நிலை என்ற வாய்ப்பே உண்டு. அது இல்லாதவருக்கு எதிரே இருப்பது 0.84க்கும் 0.29க்கும் இடையிலான தேர்வு. அதையும் அந்த ஜோடி அனுமதிக்க வேண்டும். நைவாஷாவில் அந்நிய உதவியாளரை வழக்கமாக விரட்டிவிடுவார்கள். அங்கே மீன் பிடிப்பது எளிது, பெற்றோர் இருவரே சமாளிப்பார்கள். விக்டோரியாவில் அலை அதிகம், மீன் சிறியது, மீன்பிடி இடத்துக்கும் கூட்டுக்கும் தூரம். கூடுதல் கை வேண்டியிருக்கிறது. துணைக்குப் போட்டியாக வரக்கூடியவன் என்றாலும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

ரையரும் வெஸ்டர்டெர்ப்பும் இதைச் சோதித்தார்கள். ஐசோடோப்பு கலந்த நீரைக் கொண்டு பெற்றோர் ஒரு நாளில் எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறார்கள் என்று அளந்தார்கள். கூட்டில் குஞ்சுகளைக் கூட்டியபோது நைவாஷா ஜோடிகளும் அந்நியரை ஏற்கத் தொடங்கின.

துணை கிடைத்துவிட்டால்?

அட்டவணையின் 2.5ஐ அப்படியே வைத்தால், முதல் ஆண்டிலேயே சொந்தக் கூடு வைப்பவருக்கு அந்த ஓர் ஆண்டில் மட்டும் 2.5 × 0.5 = 1.25. உதவியாளரின் இரண்டு ஆண்டு மொத்தமே 0.99தான். எனவே துணை கிடைத்தவர் உதவியாளராக இருக்க மாட்டார். உதவுவது கிடைத்த கெட்ட வாய்ப்புகளுக்குள் சிறந்தது.

ஒரே குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே கணக்குதானா?

இல்லை. கென்யாவிலேயே ஸ்டீபன் எம்லனும் பீட்டர் ரெகேயும் வெண்ணெற்றிப் பஞ்சுருட்டான்களிடம் ஒரு வினோதத்தைப் பார்த்தார்கள். மகன் கூடு வைக்க முயலும்போது அப்பா வந்து தொந்தரவு செய்கிறார். கூடாக இருக்கும் வளையின் வாயில் நின்று வழிமறிக்கிறார், மகன் தன் துணைக்கு இரை கொடுப்பதைக் கெடுக்கிறார். பல மகன்கள் கடைசியில் தங்கள் முயற்சியைக் கைவிட்டு அப்பாவின் கூட்டுக்கே உதவப் போய்விடுகிறார்கள்.

அங்கே உதவியாளர் இல்லாத ஜோடி சராசரியாக 0.51 குஞ்சு வளர்க்கும். ஒவ்வோர் உதவியாளரும் கூட்டுவது 0.47. மகனின் பக்கம்: சொந்தக் கூடு 0.51 × 0.5 = 0.255, உதவினால் 0.47 × 0.5 = 0.235. இரண்டும் ஏறக்குறைய ஒன்று. அப்பாவின் பக்கம்: மகன் உதவினால் சொந்தக் குஞ்சு 0.47 × 0.5 = 0.235, மகன் தனியாகப் போனால் பேரக்குஞ்சு 0.51 × 0.25 = 0.13. அப்பாவுக்கு லாபம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. மகனுக்கு நட்டம் 0.02தான், சண்டைபோட்டு என்ன ஆகப்போகிறது? மீன்கொத்தி அட்டவணை ஒரு பறவையின் தேர்வைச் சொல்கிறது. இது அந்தத் தேர்வை இன்னொருவர் எப்படி வளைக்கிறார் என்று சொல்கிறது. இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்த கணக்கு இது.

உதவியாளரால்தான் குஞ்சு கூடியது என்று எப்படித் தெரியும்?

வெறுமனே பார்த்தால் தெரியாது. நல்ல இடத்தில் உள்ள ஜோடி போன ஆண்டும் நிறையக் குஞ்சு வளர்த்திருக்கும், அதனால் இந்த ஆண்டு உதவியாளர்கள் இருப்பார்கள். இந்த ஆண்டும் அதே நல்ல இடத்தால் நிறையக் குஞ்சு வளரும். உதவியாளர் சும்மா பக்கத்தில் நின்றிருந்தாலும் புள்ளிவிவரம் அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுக்கும்.

ஃபுளோரிடா ஸ்க்ரப் ஜே பறவைகளில் இந்தச் சந்தேகம் நீண்ட நாள் இருந்தது. ஆர்ச்போல்ட் ஆய்வு நிலையத்தில் 1969 முதல் க்ளென் வுல்ஃபெண்டனும், பிறகு அவரோடு ஜான் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் சேர்த்த தரவு, உதவியாளர் உள்ள கூடுகளில் குஞ்சு அதிகம் என்று காட்டியது. பின்னர் ரொனால்ட் மம்மே சில கூட்டங்களிலிருந்து உதவியாளர்களை அகற்றிப் பார்த்தார். குஞ்சுகள் குறைந்தன. அதன் பிறகுதான் வாதம் அடங்கியது. தகுதிக் கணக்கில் "கூடுதல் குஞ்சு" என்ற எண்ணைப் பார்த்தால், அது சோதனையிலிருந்து வந்ததா, ஒப்பீட்டிலிருந்து வந்ததா என்று முதலில் கேளுங்கள்.

கூடு வைக்க இடம் இல்லாததால்தான் இளம் பறவைகள் வீட்டில் தங்குகின்றன என்பது நிரூபணமானதா?

செஷல்ஸ் கதிர்க்குருவியில் ஆனது. 1960களின் இறுதியில் உலகம் முழுவதிலும் 30க்கும் குறைவான குருவிகள்தான் மிஞ்சியிருந்தன, அதுவும் கசின் என்ற ஒரே குட்டித் தீவில். பாதுகாப்புக் கிடைத்ததும் தீவு நிரம்பியது, இளையவை பெற்றோரோடு தங்கி உதவத் தொடங்கின. யான் கொம்டூர் 1988இல் 29 குருவிகளை அரீட் தீவுக்கும், 1990இல் 29ஐ கசீன் தீவுக்கும் மாற்றினார். காலி இடம் கிடைத்ததும் கூடு வைக்கத் தொடங்கிவிட்டன. பழைய தீவில் காலியான இடங்களை மற்ற கூடுகளின் உதவியாளர்கள் சில மணி நேரத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். ஆனால் எந்த இடத்தையும் அல்ல. தாங்கள் இருந்த இடத்துக்குச் சமமான அல்லது அதைவிட நல்ல இடத்தை மட்டும். மோசமான இடத்தில் சொந்தக் கூடு வைப்பதைவிட நல்ல இடத்தில் காத்திருப்பது மேல் என்ற கணக்கு அங்கே தெரிகிறது.

குஞ்சு மகனா மகளா என்பதில் தாயும் கணக்குப் பார்க்கிறது. இந்த இனத்தில் வீட்டில் தங்கி உதவுவது பெரும்பாலும் மகள்கள். பூச்சி குறைவான இடத்தில் தங்கும் மகள் பாரம்; நிறைந்த இடத்தில் வரம். 1997இல் வந்த முடிவு: ஏழை இடங்களில் 77 விழுக்காடு மகன்கள், வளமான இடங்களில் 13 விழுக்காடுதான் மகன்கள்.

மரபணுச் சோதனை வந்த பிறகு பழைய கணக்குகள் என்ன ஆயின?

சில ஆட்டம் கண்டன. கூட்டில் இருக்கும் ஆண்தான் அப்பா என்று வைத்துப் போட்ட உறவுக் கெழுக்கள் பல இனங்களில் அதிகமாக இருந்தன. செஷல்ஸ் கதிர்க்குருவியில் கணிசமான குஞ்சுகளுக்கு அப்பா வேறு கூட்டைச் சேர்ந்தவர். "உதவியாளர்" என்று எண்ணப்பட்ட பெண்கள் சிலர் அதே கூட்டில் சொந்த முட்டையும் இட்டிருந்தார்கள். அப்போது அது உதவியே அல்ல, கூட்டு வியாபாரம். நேரடித் தகுதியின் பங்கு ஏறி, மறைமுகப் பங்கு இறங்கிவிடும்.

கணக்குப் போடும்போது அதிகம் நடக்கும் தவறு எது?

இரட்டை எண்ணிக்கை. அண்ணன் தன் குஞ்சுகளை எண்ணுகிறார், உதவிய தம்பி அதே குஞ்சுகள் அனைத்தையும் 0.25ஆல் பெருக்கித் தன் கணக்கில் சேர்க்கிறார். அண்ணன் எப்படியும் வளர்த்திருக்கக்கூடிய குஞ்சுகள் தம்பியின் கணக்கில் வரவே கூடாது. தம்பியால் கூடியவை மட்டும் வரும். அதேபோல் அண்ணனின் கணக்கிலிருந்து பிறர் உதவியால் கிடைத்தவற்றைக் கழிக்க வேண்டும். ஆலன் கிராஃபென் 1982இல் இதைக் கண்டித்து எழுதினார். இன்னும் நடக்கிறது.

அலகைக் குழப்புவது இன்னொன்று. 0.99 என்பது குஞ்சுகளின் எண்ணிக்கை இல்லை, 0.5ஆல் ஏற்கெனவே பெருக்கப்பட்டது. குஞ்சாகச் சொன்னால் ஏறக்குறைய இரண்டு.

குயிலுக்கு இந்தக் கணக்கைப் போடலாமா?

போடலாம், ஆனால் வரிகள் மாறும். காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயிலுக்கு ஊட்டும் செலவு இல்லை. அதற்குப் பதில் கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு, காலம் தவறிய கூட்டில் இட்டு வீணாகும் முட்டை, மொத்தம் எத்தனை முட்டையிட முடிகிறது என்ற வரிகள் வேண்டும். காக்கையின் பக்கம், குயில் குஞ்சு வழக்கமாகக் காக்கைக் குஞ்சுகளைக் கூட்டைவிட்டுத் தள்ளிவிடாது, இரையைப் பங்குபோட்டுக்கொள்ளும். எனவே நட்டம் முழுமையானதல்ல. அந்த வித்தியாசம் காக்கை எவ்வளவு கறாராக இருப்பது லாபம் என்பதை மாற்றிவிடும்.

பறவை இதையெல்லாம் உட்கார்ந்து யோசிக்கிறதா?

இல்லை. "பெற்றோர் இருந்தால் ஊட்டு, இல்லையென்றால் வேறு கூடு பார்" என்பது போன்ற சில எளிய தூண்டுதல்கள் போதும். தவறான தூண்டுதல் கொண்டவை குறைவாகப் பெருகின. கணக்கு நம்முடையது. "தேர்வு செய்கிறது", "லாபம்" என்றெல்லாம் இந்தப் பக்கம் முழுக்க எழுதியிருப்பது வசதிக்காக.

நம்மூரில் இதைச் செய்து பார்க்கலாமா?

தவிட்டுக்குருவி நல்ல ஆள். தோட்டத்தில் ஏழெட்டாகக் கலகலவென்று திரியும், ஒரே கூட்டுக்குப் பலர் இரை கொண்டுவருவார்கள். ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் யார் யார் என்று தெரியாமல் எந்தக் கணக்கும் நகராது. வண்ண வளையம் போட வேண்டும். அதற்குப் பறவையைப் பிடிக்க வேண்டும், பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும். வளையம் போடாமல் செய்யக்கூடியது கூட்டைத் தூரத்திலிருந்து பார்த்து, கூட்டத்தில் எத்தனை பேர், மணிக்கு எத்தனை முறை இரை வந்தது, எத்தனை குஞ்சு பறந்தது என்று குறிப்பது. அதையே சில பருவங்கள் விடாமல் செய்தால் கூட்டத்தின் அளவுக்கும் பறந்த குஞ்சுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று சொல்லலாம். காரணம் எது, உறவு எவ்வளவு என்பதற்கு வளையமும் மரபணு மாதிரியும் இல்லாமல் பதில் கிடைக்காது. கூட்டுக்கு மிக அருகில் போகாதீர்கள். நீங்கள் போகும் வழியைக் காக்கையும் பார்த்துக்கொண்டிருக்கும்.